டொக்யாட் வேலையும் அப்பாவின் நெஞ்சு நீரும்

அப்பாவின் வலப்பக்க நெஞ்சிலிருந்து முதல் தடவை எடுத்த நீர் ஒன்றரை லீற்றர். சாயத் தேத்தண்ணி நிறம். 2021 நவம்பர், அப்பாவுக்கு 81 வயது. உப்புவெளி வீட்டுப் படியேறி வந்தால் இரண்டு நிமிடம் குந்தியிருந்துதான் பேசுவார். வயது போனதால் என்று நாங்களே தீர்ப்பெழுதி வைத்திருந்தோம். வார்ட்டில் இளம் டொக்டர் ஒருவர் கேட்டார், "ஐயா என்ன தொழில்?" அப்பா வாய் திறக்க முன்னம் நான் முந்திக்கொண்டு "பென்சன்காரர்" என்றேன். அந்த ஒரு சொல் எங்களுடைய எட்டு மாதத்தைத் தின்றது. கடைசியில் வெளிவந்த நோயின் பெயர் மீசோதீலியோமா: அஸ்பெஸ்டஸ் (கல்நார்) தூசால் நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் புற்றுநோய்.

நீரில் புற்றுநோய்க் கலங்கள் எதுவும் தெரியவில்லை, காசநோய்க் கிருமியும் தெரியவில்லை. ஆனாலும் ஒருபக்க நெஞ்சில் நீர் என்றால் எங்கள் நாட்டில் முதலில் நினைப்பது காசநோயைத்தான். அதில் பிழை சொல்ல மாட்டேன், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். டிசம்பரில் மருந்து தொடங்கியது: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்து. மருந்து இலவசம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பசி கெடும். மார்ச்சில் நீர் திரும்ப வந்தது. "மருந்து வேலை செய்யக் காலம் எடுக்கும்" என்றார்கள். ஜூனில் மூன்றாம் தடவை. அப்போதுதான் மார்பு நோய்ப் பிரிவின் மூத்த டொக்டர் ஒருவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அப்பாவிடமே கேட்டார்: "ஐயா, இளமைக் காலத்தில் என்ன வேலை செய்தீர்கள்? முதல் வேலையில் இருந்து சொல்லுங்கோ."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். காசநோய் மருந்து இரண்டு மாதம் ஒழுங்காகக் குடித்தும் அதே பக்கம் நீர் திரும்ப ஊறுகிறது, எந்தப் பரிசோதனையிலும் கிருமி ஒரு தடவைகூடப் பிடிபடவில்லை என்றால், "சவ்வில் இருந்து தசைத்துண்டு எடுத்துப் பார்க்கலாமா?" என்று நீங்களே கேளுங்கள். நீரை மட்டும் பார்க்கும் சோதனை இந்த நோயைப் பல தடவை தவறவிடும். நீரில் கலம் இல்லை என்பதற்கு நோய் இல்லை என்று பொருள் இல்லை. டொக்டர் தொழிலைக் கேட்டால் இன்றைய தொழிலைச் சொல்லாதீர்கள். பதினைந்து வயதில் செய்த வேலையில் இருந்து சொல்லுங்கள். அஸ்பெஸ்டஸ் தூசு உள்ளே போனதற்கும் நோய் தலைகாட்டுவதற்கும் இடையில் முப்பது, நாற்பது, சிலருக்கு ஐம்பது வருடத்துக்கு மேலும் போகும். இடையில் மனிதர் ஓடியாடித் திரிவார்.

அப்பாவின் கதை திருகோணமலை டொக்யாட்டில், அதாவது கடற்படைக் கப்பல் திருத்தும் தளத்தில், தொடங்குகிறது. 1955இல் பதினைந்து வயதுப் பொடியனாகச் சேர்ந்து, 1957 ஒக்டோபர் 15இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை இலங்கையிடம் ஒப்படைக்கும் வரை மூட்டை சுமந்திருக்கிறார், கூட்டி அள்ளியிருக்கிறார். 1962இல் கப்பலேறி இங்கிலாந்து போனார். அங்கே சத்தம் (Chatham) என்ற ஊரின் டொக்யாட்டில், கொதிகலன்களுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் வெப்பக் காப்பு கட்டும் வேலையாளுக்கு உதவியாளர். 1984இல் அந்த டொக்யாட்டை மூடும் வரை அதே வேலை. பொருளுக்கு அவர் வைத்த பெயர் 'வெள்ளைக் களி'. "தூளை பீப்பாய்க்குள்ள கொட்டி, தண்ணி விட்டு கையாலதான் குழைக்கிறது பிள்ளை. பேக்கை வெட்டிக் கொட்டேக்க ஆளை ஆள் தெரியாது."

நீராவியில் ஓடிய போர்க்கப்பல் என்றால் அஸ்பெஸ்டஸ் இல்லாத அறை குறைவு. கொதிகலன் அறையிலும் இயந்திர அறையிலும் குழாயைச் சுற்றிப் பழுப்பு அஸ்பெஸ்டஸ் அரைவட்டத் துண்டுகள், அதன் மேல் களிப்பூச்சு, அதற்கு மேல் துணி. வால்வுகளுக்கும் குழாய் மூட்டுகளுக்கும் கழற்றிப் பூட்டக்கூடிய மெத்தைகள், அஸ்பெஸ்டஸ் துணியில் தைத்து உள்ளே பஞ்சு அடைத்தவை. மூட்டுக்குள் பாக்கிங் சீற், கதவோரத்தில் கயிறு, சில கப்பல்களின் சுவரில் தெளித்து ஒட்டிய நீலப் பூச்சு. புதிதாகப் பூசும்போது பொருள் ஈரமாக இருக்கும், தூசு ஓரளவு அடங்கும். பெரிய திருத்த வேலைக்கு வரும் கப்பலில் பழையதை உடைத்தெடுப்பதுதான் கொடுமை. வருடக்கணக்காகச் சூட்டில் வறண்டு பொருக்காகிப் போனதைச் சுத்தியலால் அடிப்பார்கள். மூடிய இரும்பு அறை, காற்றோட்டம் இல்லை, அதே நேரத்தில் பக்கத்தில் மின்வேலைக்காரர், வெல்டர், பெயின்ற் அடிப்பவர் எல்லாரும் நிற்பார்கள். ஆகவே "நான் அஸ்பெஸ்டஸ் வேலை செய்யவில்லை, வயர்தான் இழுத்தேன்" என்று சொல்லும் ஆளும் கணக்கில் வருவார். டெவன்போர்ட் டொக்யாட்டில் மருத்துவராக இருந்த ஹாரிஸ் என்பவர் கடற்படை டொக்யாட்டுகளின் இந்த ஆபத்தை 1968இலேயே எழுதி வெளியிட்டார். பிரித்தானியாவில் நீல, பழுப்பு அஸ்பெஸ்டஸ் வகைகள் 1985இல்தான் தடையாயின, வெள்ளை வகை 1999இல்.

நோயை உறுதிசெய்யப் பட்ட பாட்டுக்கு வருகிறேன். தசைத்துண்டு எடுக்க மகரகமைப் பக்கம் போக வேண்டியிருந்தது. 2022 ஜூன் கடைசி. நாட்டில் டீசல் இல்லை, எரிபொருள் செட்டுக்கு முன்னால் நாட்கணக்கில் வரிசை. இத்தனைக்கும் சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்கள் வரிசையாக நிற்கின்றன, அதைக் கடந்துதான் போனோம். வான்காரர் கறுப்புச் சந்தை விலைக்கு டீசல் பிடித்து ஓடியதால் ஒரு போக்குவரத்துக்கு 85,000 ரூபாய் கேட்டார். இரண்டு தடவை போனோம். ஸ்கான், தனியார் ஆய்வுகூடச் சோதனை, தங்குமிடம் எல்லாமாக ஆறு லட்சத்தை நெருங்கியது. அதில் பாதியை மிச்சம் பிடித்திருக்கலாம். துண்டு எடுத்தபின் சாதாரண நிறமூட்டிப் பார்ப்பதோடு நின்றுவிட்டார்கள், "புற்றுநோய், எங்கிருந்து வந்தது என்று தெளிவில்லை" என்று வந்தது. மீசோதீலியோமாவையும் நுரையீரல் புற்றுநோயையும் பிரித்தறிய கல்ரெற்றினின், டபிள்யூரி1, ரீரீஎஃப்1 போன்ற சிறப்பு நிறமூட்டல்கள் வேண்டும். முதலிரண்டும் தெளிவாக நிறம் பிடித்து மூன்றாவது பிடிக்காவிட்டால் கை மீசோதீலியோமா பக்கம் நீளும். இதை முதல் நாளே கேட்டிருந்தால் இரண்டாம் பயணம் தேவைப்பட்டிராது. துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி ஆய்வுகூடத்தில்தான் இருக்கும். அதன் இலக்கத்தைக் குறித்து வையுங்கள், வேறு இடத்தில் சோதிக்க அதையே அனுப்பலாம். ஜூலை கடைசியில் அறிக்கை கையில் வந்தது. அன்று இரவு அப்பா வழமைபோல இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார். எங்களுக்குத்தான் இறங்கவில்லை.

சிகரெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பா நாற்பது வயது வரை புகைத்தவர், வருகிற சொந்தமெல்லாம் அதைச் சொல்லிக் குத்தியது. மீசோதீலியோமாவுக்குச் சிகரெட் காரணமில்லை. அஸ்பெஸ்டஸும் சிகரெட்டும் சேர்ந்தால் பல மடங்காவது நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து. அது வேறு நோய். பிரித்தானியாவில் உதவித்தொகை கேட்கும் கோரிக்கைப் படிவத்தில் புகைத்ததை மறைக்கவும் வேண்டாம், அதற்காக ஒதுங்கவும் வேண்டாம்.

அடுத்தது, அந்தக் கோரிக்கைக்கு வேலையை நிரூபிக்கும் கடதாசி. 2003இல், சமாதான காலத்தில், அப்பா திரும்பி வந்தபோது சத்தம் டொக்யாட் பாஸ், சம்பளத் துண்டுகள், மூடும்போது கொடுத்த கடிதம் எல்லாம் ஒரு தகரப்பெட்டியில் இருந்தன. பெட்டி திருக்கடலூரில் மாமி வீட்டில். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பெட்டியும் இல்லை, அந்த அறையும் இல்லை. "கடதாசி இல்லாட்டி ஒண்டும் செய்யேலாது" என்று மூன்று பேர் சொன்னார்கள், மூன்று பேரும் பிழை. தேவையானது ஒன்றுதான்: தேசியக் காப்புறுதி இலக்கம். அது வருடாவருடம் வரும் பிரித்தானிய அரச ஓய்வூதியக் கடிதத்தின் மூலையில் இருந்தது. (அந்த ஓய்வூதியம் இலங்கையில் வசிப்பவருக்கு முதல் எடுத்த தொகையிலேயே உறைந்து நிற்கும், கூட்டித் தரமாட்டார்கள். அது தனி வயிற்றெரிச்சல்.) அந்த இலக்கத்தை வைத்துப் பிரித்தானிய வரித் திணைக்களத்திடம் எந்த வருடம் எந்த முதலாளி என்ற வேலைப் பதிவைக் கேட்டெடுக்கலாம். டொக்யாட் சிவில் ஊழியர் பதிவைப் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சிடம் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கேளுங்கள். நாங்கள் ஒன்று வரும்வரை காத்திருந்து மற்றதைக் கேட்டு இரண்டு மாதம் தொலைத்தோம்.

இங்கே பலர் குழம்புகிறார்கள், நாங்களும் குழம்பினோம். திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படைக்கு வேலை செய்த வருடங்கள் பிரித்தானியாவின் தொழில்நோய் உதவித்தொகைக்குக் கணக்கில் வராது. அது பிரித்தானிய மண்ணில் சம்பளத்துக்குச் செய்த வேலைக்கு, அதுவும் 1948 ஜூலை 5க்குப் பிந்தியதற்கு. அப்பாவுக்குக் கை கொடுத்தது சத்தம். ஆனாலும் திருகோணமலை வருடங்களை எழுதாமல் விடாதீர்கள். டொக்டருக்கு அது வேண்டும், வாக்குமூலத்திலும் உண்மை முழுதாக இருக்க வேண்டும். றோயல் சிலோன் கடற்படையில் இருந்தவர்கள், 1949இல் வந்த 'விஜய', 1959இல் வாங்கிய 'கஜபாகு' போன்ற பழைய கப்பல்களின் இயந்திர அறையில் நின்றவர்கள், பிரித்தானியப் படைவீரர் திட்டத்துக்குள் வரமாட்டார்கள்.

சிவில் தொழிலாளிக்கு அங்கே மூன்று வழி. முதலாவது தொழில்நோய் உதவித்தொகை. படிவம் பிஐ100பிடி, மீசோதீலியோமாவுக்கு நோய் இலக்கம் டி3. மற்ற நோய்களுக்கு இருக்கும் 90 நாள் காத்திருப்பு இதற்கில்லை, நூறு வீத இயலாமையாகவே எடுப்பார்கள். 2022-23இல் முழுத்தொகை வாரத்துக்கு 188.60 பவுண். வெளிநாட்டில் இருந்தும் கேட்கலாம். குத்தல் எங்கே என்றால், பின்தேதியிட்டு மூன்று மாதத்துக்கு மேல் தரமாட்டார்கள். நாங்கள் படிவம் அனுப்பியது 2022 ஒக்டோபரில். ஜூலையில் இருந்துதான் கிடைத்தது. நோய் தொடங்கிய நவம்பரில் இருந்து கணக்குப் பார்த்தால் 6,000 பவுணுக்கு மேல் போனது, 'பென்சன்காரர்' என்ற சொல்லோடு. ஆகவே எல்லாக் கடதாசியும் சேரட்டும் என்று பொத்தி வைக்காதீர்கள். தசைத்துண்டு அறிக்கையும் டயக்னோசிஸ் கார்டும் கையில் வந்த அன்றே படிவத்தைத் தபாலில் போடுங்கள், மிச்சத்தைப் பிறகு அனுப்பலாம்.

இரண்டாவது 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மீசோதீலியோமாக்காரருக்குக் கொடுக்கும் ஒரே தொகை. நோய் உறுதியாகி 12 மாதத்துக்குள் கேட்க வேண்டும். நோயாளி உயிரோடு இருக்கும்போது கேட்டால் ஒரு தொகை, இறந்தபின் குடும்பம் கேட்டால் மிகக் குறைவு. வயது கூடக்கூடத் தொகையும் குறையும். பிறகு வழக்கில் இழப்பீடு வந்தால் இது அதில் கழிபடும். மூன்றாவது, வேலை கொடுத்த பாதுகாப்பு அமைச்சின் மேல் வழக்கு. அறிந்த நாளில் இருந்து மூன்று வருடம் எல்லை.

சீருடை அணிந்து கப்பலில் போனவருக்குப் பாதை வேறு. சத்தத்தில் அப்பாவோடு பழகிய ஸ்டோக்கர் (கொதிகலன் அறைக் கடற்படை மாலுமி) ஒருவரின் விதவை, கனடாவில் இருந்து அழைத்துக் கேட்டபோதுதான் இதை நாங்கள் படித்தோம். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் பத்தாம் பிரிவு, 1987 மே 15க்கு முந்திய சேவைக்காகப் படைவீரர் அரசின் மேல் வழக்குப் போடுவதைத் தடுத்தது. அதே அறையில் அதே தூசைச் சுவாசித்த சிவில் தொழிலாளி வழக்குப் போடலாம், சீருடைக்காரர் முடியாது. 2005 ஏப்ரல் 6க்கு முந்திய சேவைக்கு அவருக்கு இருப்பது போர் ஓய்வூதியத் திட்டம். அதற்குள் மீசோதீலியோமாவுக்கு மட்டும், ஓய்வூதியத்துக்குப் பதிலாக 1,40,000 பவுண் ஒரே தொகையாக எடுக்கும் தெரிவு 2016இல் வந்தது. ஒரே தொகையைப் பிடிப்பதா, மனைவிக்கும் தொடரக்கூடிய ஓய்வூதியமா என்பதை அவசரத்தில் கையெழுத்து வைத்துத் தீர்க்க வேண்டாம். நோயாளிக்கு எவ்வளவு காலம் என்று டொக்டர் சொல்வதையும் மனைவியின் வயதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேவையை விட்டு ஏழு வருடத்துக்குப் பிறகு கேட்பவர், சேவைதான் காரணமாக இருக்கலாம் என்று நியாயமான சந்தேகம் எழும் அளவுக்கு நம்பத்தகுந்த சான்று காட்ட வேண்டும். கப்பல்களின் பெயர், பதவி, நின்ற அறை ஆகியவைதான் அந்தச் சான்று.

பணத்தை நாங்கள் சும்மா கொட்டிய இடமும் உண்டு. "படிவமெல்லாம் நான் பார்க்கிறன், முற்பணம் மட்டும் போடுங்கோ" என்று ஒருவர் லண்டனில் இருந்து பேசினார். 500 பவுண் போனது, பிறகு போனும் எடுக்கவில்லை. இந்த நோய்க்கு வழக்குப் பேசும் சொலிசிற்றர்கள் முற்பணம் கேட்பதில்லை, வென்றால்தான் கட்டணம். படிவம் நிரப்ப இலவசமாக உதவும் அஸ்பெஸ்டஸ் பாதிப்புற்றோர் குழுக்கள் அங்கே பல ஊர்களில் இருக்கின்றன. முற்பணம் என்ற சொல் காதில் விழுந்ததும் போனை வையுங்கள்.

எல்லாவற்றிலும் பெறுமதியானது அப்பாவின் வாக்குமூலம். கப்பல் பெயர், வருடம், எந்த அறை, கையில் என்ன பொருள், அதன் நிறம், உடைத்ததா பூசியதா, ஒரு நாளில் எத்தனை மணி நேரம், முகமூடி தந்தார்களா, யாராவது எச்சரித்தார்களா, பக்கத்தில் நின்றது யார் என்று கேட்டு போனில் பதிவுசெய்தோம். ஒரே மூச்சில் முடியாது. காலையில் இருபது நிமிடம், ஒட்சிசன் எடுக்க முந்தி. எல்லாக் கப்பலும் நினைவில் இராது, தேவையுமில்லை. நான்கு கப்பலைத் துல்லியமாகச் சொன்னது போதுமாக இருந்தது. நினைவில்லாததை ஊகித்து நிரப்பினால் ஒரு பிழையான வருடம் முழு வாக்குமூலத்தையும் சந்தேகத்துக்கு ஆளாக்கும். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, சமாதான நீதவான் முன்னிலையில் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினோம். அதற்கு ஆறு கிழமையின் பின் அவரால் பேனை பிடிக்க முடியவில்லை.

அப்பா 2023 மார்ச்சில் போனார். செத்தவீட்டு அலுவலுக்கு நடுவில் யாரும் கவனிக்காத ஒன்று, மரண அத்தாட்சியில் எழுதும் காரணம். முதலில் 'நியூமோனியா' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அது இறுதிக் காரணம். அதற்கு அடிப்படை மீசோதீலியோமா. அது எழுத்தில் இல்லாவிட்டால் வழக்கைக் குடும்பம் தொடர்வது வீண் இழுபறி. வார்ட்டிலேயே, உடலை எடுக்க முன்னம், தசைத்துண்டு அறிக்கையைக் காட்டிச் சேர்க்கச் சொல்லுங்கள். பதிவானபின் திருத்துவதென்றால் மாதக்கணக்கு. தமிழில் வந்த அத்தாட்சியைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் மூன்று பிரதி எடுத்து வைத்தோம், மூன்றும் செலவாயின. வழக்கு 2024இல் முடிந்து பணம் அம்மாவின் பெயருக்கு வந்தது.

அம்மாவையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். சத்தத்தில் இருந்த காலம் முழுவதும் அப்பாவின் மேலுடுப்பைக் கொல்லையில் உதறி, கையால் துவைத்தது அவதான். அப்படித் துவைத்த மனைவிமாருக்கும் இந்த நோய் வந்திருக்கிறது. அவவுக்குச் சவ்வில் சிறு தழும்புத் தகடுகள் மட்டும். அது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதுமில்லை, தூசு உள்ளே போனதற்கான அடையாளம். இங்கிலாந்தில் 2007 தீர்ப்புக்குப் பிறகு தகடுகளுக்கு மட்டும் இழப்பீடு இல்லை. ஸ்கொட்லாந்தில் 2009 சட்டப்படி உண்டு. ரொசைத் டொக்யாட்டில் வேலை செய்தவர்கள் இதைக் கவனியுங்கள்.

இப்போதும் எங்கள் துறைமுகப் பக்கத்தில் பழைய இயந்திரம் கழற்றும் பொடியன்மாரைப் பார்க்கிறேன். மூட்டில் ஒட்டிய பழைய பாக்கிங்கைக் கம்பித் தூரிகை பூட்டிய கிரைண்டரால் உரசுகிறார்கள், பிறகு காற்றுக் குழாயால் ஊதுகிறார்கள். இரண்டும் வேண்டாம். பொருள் என்னவென்று தெரியாவிட்டால் அஸ்பெஸ்டஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சவர்க்காரத் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, கைச் சுரண்டியால் மெதுவாக எடுத்து, ஈரத்தோடு தடித்த பொலித்தீன் பையில் கட்டுங்கள். துணி முகமூடியும் கொவிட் காலத்து நீல முகமூடியும் இந்த இழையை மறிக்காது. உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

மடத்தடியில் அப்பாவோடு 1955இல் சேர்ந்து, பிறகு போர்ட்ஸ்மத் டொக்யாட்டுக்குப் போய்வந்த ஒரு பெரியவர் இருக்கிறார். இருமல் இல்லை, நடக்கிறார், கோணேசர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை படியேறுகிறார். கப்பல் பெயர்கள் இன்னும் வரிசையாக வருகின்றன. வருகிற ஞாயிறு ஒரு சிஆர் கொப்பியோடு அவர் வீட்டுக்குப் போகிறேன்.